மருந்துக்கடை முகப்பில் நாள்தோறும் நிலைக்கும் பழக்கங்கள்

மருந்துக்கடையில் வாடிக்கையாளர் சேவை என்பது, மருத்துவர் எழுதிய மருந்து, எழுதிய வலிமையிலும் எண்ணிக்கையிலும், அதை எப்போது எப்படி உட்கொள்வது என்னும் தெளிவோடு நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்வதாகும். இன்முகமும் இன்சொல்லும் இதற்குத் துணைநிற்பவை. அவை எவ்வளவு இருந்தாலும், 250 மில்லிகிராம் எழுதியிருந்த இடத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை போய்விட்டால் அங்கே சேவை நடைபெறவில்லை என்றே கொள்ள வேண்டும். மற்ற கடைகளில் நேரும் பிழையை மறுநாள் பொருளை மாற்றிக் கொடுத்துச் சரிசெய்துவிட முடிகிறது. மருந்துக்கடையில் பிழை தெரியவருவதற்கு முன்பே அட்டையில் பாதி மாத்திரை காலியாகியிருக்கும்.

சேவைத்தரத்தை அளப்பதற்கு உலகெங்கும் இன்று பயன்படும் அளவுகோலை, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று பின்னர் அமெரிக்காவில் சந்தையியல் பேராசிரியரான ஏ. பரசுராமன், வேலரி சைதாமல், லியனார்ட் பெரி ஆகிய மூவர் 1988இல் வெளியிட்டனர். சொன்னதைச் சொன்னபடி ஒவ்வொரு முறையும் செய்யும் நம்பகம், ஊழியரின் அறிவும் பண்பும் தரும் உறுதி, கண்ணுக்குத் தெரியும் வசதிகள், தனிமனிதர் மீதான பரிவு, விரைந்து உதவும் முனைப்பு என்னும் ஐந்து கூறுகளாகச் சேவையைப் பிரித்த அவர்கள், அவற்றுள் நம்பகமே வாடிக்கையாளரின் மதிப்பீட்டில் முதலிடம் பெறுவதைக் கண்டனர். மருந்துக்கடைக்கு இந்த முடிவு இருமடங்கு பொருந்தும். ஆயினும் நம்பகம்தான் கடைகளில் மிக எளிதாகக் கைநழுவும் கூறாகவும் இருக்கிறது. காலை 11 மணிக்குச் சீட்டை இருமுறை படிக்கும் அதே ஊழியர், கிளினிக்குகள் நிரம்பி வழியும் இரவு 8 மணிக்கு அதை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அலமாரிக்குப் போகிறார். அவருடைய நல்லெண்ணம் குறைந்துவிடவில்லை. நல்லெண்ணத்தைச் செயலாக்கும் கவனம் களைத்துவிட்டது. கவனம் களைத்த பின்னும் தானாக நடக்கும் செயல்கள் சிலவற்றை முன்கூட்டியே உருவாக்கிவைப்பதே இந்த இயலின் நோக்கம்.

பழக்கம் உருவாகும் விதம்

பழக்கம் என்பது, ஒரு குறிப்பிட்ட சூழல் எதிர்ப்பட்டவுடன் யோசித்து முடிவெடுக்கும் தேவையின்றித் தானே நிகழும் செயல். அந்தச் சூழலைத் தூண்டுநிகழ்வு என்று இங்கே குறிப்பிடலாம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில், "இனிக் கவனமாக இருப்பேன்" என்பது போன்ற பொதுவான உறுதியைவிட, "இன்னது நடந்தவுடன் இன்னது செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் கட்டிவைக்கும் திட்டம் செயலாக மாறும் வாய்ப்பு மிகுதி என்பதை ஆய்வுகளின் துணையோடு காட்டினார். மருந்துக்கடையில் இத்தகைய தூண்டுநிகழ்வுகளுக்குப் பஞ்சமே இல்லை: ஷட்டரைத் தூக்குதல், சீட்டைக் கையில் வாங்குதல், அலமாரியிலிருந்து எடுத்தல், அட்டையை வெட்டுதல், பில் போடுதல், உறையைக் கொடுத்தல், கல்லாக் கணக்கை முடித்தல் ஆகியவை எந்த நாளிலும் தவறாமல் நடப்பவை. புதிய பழக்கம் எதுவாயினும் இவற்றுள் ஒன்றோடு பிணைக்கப்பட்டால்தான் நிலைக்கும். "நேரம் கிடைக்கும்போது காலாவதித் தேதி பார்க்க வேண்டும்" என்னும் ஏற்பாடு, நேரம் ஒருபோதும் கிடைக்காத காரணத்தால், எந்தக் கடையிலும் ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை.

எத்தனை நாளில் பழக்கம் படியும் என்னும் கேள்விக்கு 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படும் விடை நம்பத்தக்கதன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று அவர்கள் கணக்கிட்டனர். வாரத்திற்கு ஆறு நாள் பணிபுரியும் கடை ஊழியருக்கு 66 பணிநாள் என்பது சரியாக 11 வாரம். அதே ஆய்வில், இடையே ஒருநாள் தவறியதால் பழக்கம் படிவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை என்பதும் தெரிந்தது. கடை உரிமையாளர்கள் இந்த இரண்டாவது செய்தியை மனத்தில் இருத்த வேண்டும்: ஒருநாள் விட்டுப்போனதற்காக ஊழியரைக் கடிந்துகொள்வதும், "இது நமக்கு ஒத்துவராது" என்று ஏற்பாட்டையே கைவிடுவதும் ஒரே அளவு தவறானவை.

கடை திறக்கும் வேளை

நாளின் முதல் பழக்கம் ஃப்ரிட்ஜின் முன் தொடங்க வேண்டும். இன்சுலின், தடுப்பூசிகள், சில கண் சொட்டு மருந்துகள் ஆகியவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டியவை. ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டவுடன், வேறெதையும் தொடுவதற்கு முன், ஃப்ரிட்ஜுக்குள் உள்ள வெப்பமானியைப் பார்த்து, அதன் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எண்ணையும் நேரத்தையும் எழுதுவதும், இரவு கடை மூடுமுன் இதையே மறுமுறை செய்வதும் அரை நிமிட வேலைகள்தாம். உறைந்துபோன இன்சுலின் மீண்டும் உருகிப் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் பயன்படாது. ஆகவே இன்சுலினை உறைபெட்டியை ஒட்டியும், அடிக்கடி திறந்துமூடும் கதவுத் தட்டிலும் வைக்காமல் நடுத்தட்டில் வைக்க வேண்டும். இரவில் மின்சாரம் போயிருந்ததா என்பது காலையில் எண்ணைப் பார்க்கும்போதுதான் பல கடைகளுக்குத் தெரியவருகிறது. வெயில் மாதங்களில் ஃப்ரிட்ஜுக்கு வெளியிலும் கவனம் வேண்டும்: 30 டிகிரிக்குக் கீழ் வைக்கும்படி உறையில் அச்சிட்ட மருந்துகள், தகரக் கூரையை ஒட்டிய பரணில் மே மாதம் முழுவதும் கிடப்பது தமிழகத்துச் சிறு கடைகளில் காணக்கூடிய காட்சி. பணம் கொடுத்து வாங்கும் நோயாளியால் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதால், இதைக் கடைக்காரரின் மனச்சான்றுக்கு மட்டும் விட்டுவிடாமல் தாளில் எழுதும் பழக்கமாக மாற்ற வேண்டியிருக்கிறது.

காலையில் செய்ய வேண்டிய மற்ற இரண்டும் சிறியவை. ஒன்று, கல்லாவில் போதிய சில்லறை வைத்துக்கொள்வது. மீதிக் காசுக்குப் பதிலாக மிட்டாயோ இருமல் மாத்திரையோ கொடுப்பது வாடிக்கையாளரிடம் கேட்காமல் ஒரு பொருளை விற்பதற்குச் சமம். மற்றொன்று, முந்தைய நாள் "வாங்கி வைக்கிறோம்" என்று வாக்களித்த மருந்துகளின் குறிப்பைப் படித்து, வந்தவற்றைப் பெயரெழுதித் தனியே எடுத்துவைப்பது.

சீட்டை வாங்கும் நொடி

சீட்டு கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டியவை மூன்று: கொடுப்பவரை நிமிர்ந்து பார்ப்பது, "மருந்து யாருக்கு?" என்று கேட்பது, சீட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிட்ட பின்னரே அலமாரிப் பக்கம் திரும்புவது. யாருக்கு என்னும் கேள்வி சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால் சீட்டோடு வருபவர் பெரும்பாலும் நோயாளியின் மகனோ, அண்டை வீட்டுக்காரரோ, ஆட்டோ ஓட்டுநரோ ஆக இருப்பதால், எதிரே நிற்பவரின் வயதை வைத்து மருந்தளவு சரிதானா என்று கணிப்பது ஆபத்து. விளிக்கும் சொல்லிலும் ஒரு முறை வேண்டும். முதியவர்களை "ஐயா", "அம்மா" என்பதும், வயது எதுவாயினும், பள்ளிச் சீருடையில் வரும் சிறுவனாயினும், அழுக்கு வேட்டியில் வரும் கட்டடத் தொழிலாளியாயினும், "நீங்கள்" என்பதும் கடையின் விதியாக இருக்க வேண்டும். ஒருவரின் உடையைப் பார்த்து "நீ" என்று தொடங்கும் ஊழியரிடம், மருந்து பற்றிய ஐயத்தை அந்த மனிதர் கேட்கமாட்டார். கேட்கப்படாத ஐயம் வீட்டில் தவறான வேளையில் விழுங்கிய மாத்திரையாக முடியும்.

எழுத்துப் புரியாத சீட்டைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். மருந்துகளின் மூலப் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறை 2016இல் திருத்தப்பட்ட பின்னும் கிறுக்கல் சீட்டுகள் ஓயவில்லை. அடுத்திருப்பவரிடம் காட்டி "இது என்னவாக இருக்கும்?" என்று கேட்டு இருவரும் ஒப்புக்கொண்ட பெயரை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. இருவர் சேர்ந்து செய்யும் ஊகமும் ஊகமே. ஐயம் எழுந்தவுடன் சீட்டில் உள்ள கிளினிக் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைப்பதே உரிய பழக்கம். அதற்காக வாடிக்கையாளர் ஐந்து நிமிடம் காத்திருக்க நேர்ந்தால், "எழுத்துத் தெளிவாக இல்லை, டாக்டரிடம் கேட்டுவிடுகிறோம்" என்று காரணத்தைச் சொன்னால் மறுப்பவர் அரிது.

எடுப்பதும் வெட்டுவதும்

ஜப்பானிய ரயில்களின் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சைகை விளக்கையும் விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வது நெடுங்கால நடைமுறை. அந்நாட்டின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வுக்கழகம் 1994இல் நடத்திய சோதனையில், எதுவும் செய்யாதபோது நூற்றுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டுவதையும் சொல்வதையும் சேர்த்துச் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தது. கண், கை, வாய், காது நான்கும் ஒரே பொருளில் குவிவதால் மனம் வேறெங்கோ இருக்கும்போதும் பிழை பிடிபட்டுவிடுகிறது. மருந்துக்கடைக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் வேறில்லை. அட்டையைச் சீட்டின் மீது, அந்த மருந்து எழுதப்பட்ட வரிக்கு நேராக வைத்து, பெயர், வலிமை, காலாவதி மாதம் மூன்றையும் விரலால் தொட்டுத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். வலிமை என்பது ஒரு மாத்திரையில் உள்ள மருந்தின் அளவு. ஒரே பிராண்டுப் பெயருக்குப் பின்னால் 1, 2 என எண் மட்டும் மாறும் சர்க்கரைநோய்க் கலவை மாத்திரைகளும், பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்னும் எழுத்து இருப்பதாலோ இல்லாததாலோ உடலில் மருந்து கரையும் வேகம் மாறுபடும் மாத்திரைகளும் கண்ணை எளிதில் ஏமாற்றுபவை. ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின் ஆகியவை ஒலியில் நெருங்கியவை. முன்னது இரத்த அழுத்தத்திற்கும் பின்னது ஒவ்வாமை அரிப்புக்கும் உரியது. இத்தகைய இணைகளை அடுத்தடுத்த தட்டில் வைக்காமல் வெவ்வேறு அலமாரிக்கு மாற்றிவிடுவது, பழக்கத்தின் சுமையையே குறைக்கும் வழி.

அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அச்சிட்ட முனை கடையில் எஞ்ச வேண்டுமா, வாடிக்கையாளரிடம் போக வேண்டுமா என்பது அடிக்கடி எழும் சிக்கல். பகுதி அட்டை விற்கும்போது அச்சிட்ட முனையைக் கடையில் நிறுத்திக்கொண்டு, அந்த இரண்டையும் பில்லிலும் உறையிலும் எழுதிக் கொடுப்பதே இருவருக்கும் பாதுகாப்பானது. கத்தரிக்கோலை எடுக்கும் கை முதலில் பேனாவை எடுக்கட்டும் என்பது இதற்குரிய எளிய விதி.

உறையைக் கொடுக்கும் நொடி

கடையின் ஒரு நாள் முழுவதிலும் மிகுந்த பயன் தரக்கூடியதும் மிக அதிகமாக வீணாவதும் இந்த நொடியே. பெரும்பாலான கடைகளில் இது "முந்நூற்று நாற்பது" என்று தொகையைச் சொல்வதோடு முடிகிறது. சீட்டில் 1-0-1 என்று இருப்பது காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று என்னும் குறிப்பு என்பதைக் கடைக்காரர் அறிவார். வாங்குபவர்களுள் பலர் அறியார். ஆகவே ஒவ்வொரு மருந்தின் உறையிலும் வேளையையும், உணவுக்கு முன்னா பின்னா என்பதையும் தமிழில் எழுதுவது முதல் படி. படிக்கத் தெரியாதவருக்குச் சூரியனையும் நிலவையும் வரைந்து கொடுக்கும் மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். அது போற்றத்தக்க வழக்கம்.

இரண்டாவது படி, வாங்குபவரையே திருப்பிச் சொல்லவைப்பது. "புரிந்ததா?" என்று கேட்டால் புரியாதவரும் தலையாட்டிவிடுவார், கூட்டத்தின் முன் புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்கும். அதற்குப் பதிலாக, "அம்மா, நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், இந்த வெள்ளை மாத்திரையை வீட்டில் எப்போது கொடுப்பீர்கள்?" என்று கேட்டால், சோதிக்கப்படுவது கடைக்காரரின் விளக்கமே என்றாகிவிடுவதால் கேட்கப்படுபவரின் மதிப்பு குறைவதில்லை. அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு நலத்துறை தன் மருந்தாளுநர்களுக்கு வகுத்துக் கொடுத்த மூன்று கேள்விகளும் இதே நோக்கத்தவை: இந்த மருந்து எதற்கென்று டாக்டர் சொன்னார், எப்படிச் சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார். மூன்றையும் எல்லாரிடமும் கேட்க நேரமில்லாத கடை, புதிய மருந்து வாங்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டாவது கேள்வியை மட்டுமாவது கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி உயிர் காக்கும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. அவற்றைக் கடையிலுள்ள ஒவ்வோர் ஊழியரும் மனப்பாடமாக அறிந்திருப்பது நல்லது. மூட்டு வாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து நாள்தோறும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு மரணம் வரை போகக்கூடும். அந்த உறையில் எந்தக் கிழமை என்பதைப் பெரிதாக எழுதி, அந்தக் கிழமையை வாங்குபவர் வாயால் சொல்லக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. குழந்தைகளின் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பிலோ ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம்தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துவிட்டால் குழந்தைக்கு நான்கு மடங்கு போய்விடும். வயிற்றுப்போக்குக்கான உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி, ஒரு லிட்டர் நீருக்கான பெரிய பொட்டலமாகவும் 200 மில்லிலிட்டருக்கான சிறிய பொட்டலமாகவும் வருகிறது. பெரியதை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால் அளவுக்கு மீறிய உப்பு குழந்தையின் உடலில் சேரும். தூளாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்பில் ஆறவைத்த கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்குவதைக் கடையிலேயே காட்டிவிடுவதும், எந்தத் தேதிக்குப் பின் கீழே ஊற்றிவிட வேண்டும் என்பதைப் புட்டியின் மீது எழுதுவதும் இரண்டு நிமிடத்தைக் கேட்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே தாய்மார் அந்தக் கடையைத் தேடி வருவர்.

பில் கொடுப்பதும் இந்த நொடியின் பகுதியே. பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாக வகைப்படுத்துகிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிடில் 30 நாளுக்குள்ளும் திரும்பப்பெற மறுப்பதும் அதே வகையில் அடங்கும். நல்ல நிலையில் விற்ற மருந்து வெயிலில் கிடந்துவிட்டு வந்தால் அதை மீண்டும் அலமாரியில் வைப்பது அடுத்த நோயாளிக்குத் தீங்கு என்பதால், இவ்விரண்டு நிலைகளையும் வேறுபடுத்தி விளக்கும் ஒரு பலகை, "விற்ற மருந்து திரும்பப் பெறப்படமாட்டாது" என்னும் ஒற்றை வரிப் பலகையைவிட நேர்மையானது.

அந்தரங்கம் பற்றி ஒரு சொல் போதும்: மனநல மருந்து, கருத்தடைச் சாதனம், பால்வினை நோய்க்கான மருந்து ஆகியவற்றின் பெயரைக் கடையின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குக் கூவிக் கேட்கும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும்.

மறுக்க நேரும்போது

மருந்து இல்லாதபோது "இல்லை" என்ற ஒரு சொல்லோடு திருப்பியனுப்புவது, காய்ச்சலோடு நிற்பவரை ஊர் முழுக்க அலையவைப்பதாகும். இல்லை என்பதோடு, எப்போது வரும், இப்போதே தேவையானால் வேறெங்கே கிடைக்கும் என்னும் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதை விதியாக்கலாம். எப்போது வரும் என்பதற்கு "நாளைக்கு வந்துவிடும்" என்பது விடையாகாது. மொத்த விற்பனையாளரிடம் கேட்டு "நாளை காலை 11 மணிக்குள்" என்று சொல்லி, பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, வந்ததும் அழைப்பதே வாக்கு. வராமல் போனாலும் அதே நேரத்தில் அழைத்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். நம்பகம் என்னும் அந்த முதற்கூறு இத்தகைய சிறு வாக்குகளில்தான் சேமிக்கப்படுகிறது.

சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்பவரை மறுப்பது இதனினும் கடினம். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளை ஹெச் பட்டியல் வரையறுக்கிறது. அவற்றுள் சில வீரிய ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மருந்துகளும் 2014 மார்ச் முதல் ஹெச்1 என்னும் தனிப் பட்டியலில் உள்ளன; இவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு கடையில் ஓர் ஊழியர் மறுப்பதும் மற்றவர் கொடுப்பதுமாக இருந்தால், வாடிக்கையாளர் கொடுப்பவர் நிற்கும் நேரம் பார்த்து வருவார். எனவே மறுக்கும் வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: "சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்க முடியாதுங்க, உங்கள் உடம்புக்குத்தான் கெடுதல், பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் மதியம் வரை இருக்கும், அங்கே காட்டிவிட்டு வாருங்கள்." போக வேண்டிய இடத்தைக் காட்டாத மறுப்பு முழுமையான மறுப்பாகாது.

ஐந்து நாளுக்கு எழுதிய மருந்தை "இரண்டு நாளுக்கு மட்டும் கொடுங்கள்" என்று கேட்பவர் அறியாமையால் கேட்கிறார் என்றே கடைக்காரர்கள் கருதுகிறார்கள். பல வேளைகளில் காரணம் அன்றைய கூலியின் அளவே. அவரிடம் மருத்துவ விரிவுரை நிகழ்த்துவது கையில் பணமில்லாதவரைக் கூட்டத்தில் காட்டிக்கொடுப்பது போலாகிவிடும். இரண்டு நாள் மருந்தைக் கொடுத்து, எஞ்சியதன் எண்ணிக்கையை உறையில் எழுதி, "மீதி ஆறு மாத்திரை உங்கள் பேரில் எடுத்து வைத்திருக்கிறோம், நாளை மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள், காய்ச்சல் விட்டாலும் முழுவதும் சாப்பிட வேண்டும்" என்று சொல்வதே தகும். அதே மூலப்பொருள் கொண்ட விலை குறைந்த மருந்து மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்குமானால் அதையும் சொல்லிவிடலாம். அன்றைய விற்பனை ஒன்று குறையும். அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை கூடும்.

கூட்ட நேரம்

மாலை 6 முதல் 9 வரை எல்லாப் பழக்கங்களையும் முழுமையாகக் காப்பது இயலாது என்பதை ஒப்புக்கொள்வதே அறிவுடைமை. எவற்றை விடலாம், எவற்றை விடக்கூடாது என்பதை அமைதியான வேளையில் முடிவுசெய்யாத கடை, கூட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடும். சில்லறையைச் சரியாகக் கொடுத்து வாங்குவது தாமதமாகலாம், பொருளைப் பையில் அழகாக அடுக்காமல் விடலாம். சீட்டின் மேல் அட்டையை வைத்துச் சுட்டிச் சொல்வதும், உறையில் வேளையை எழுதுவதும் எந்நிலையிலும் விடக்கூடாதவை. எடுப்பவர் ஒருவராகவும் கொடுக்குமுன் சரிபார்ப்பவர் மற்றொருவராகவும் இருப்பது கூட்ட நேரத்துக்கு ஏற்ற முறை; சரிபார்ப்பவர் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருப்பது சட்டத்தின் தேவையும்கூட, ஏனெனில் சீட்டு மருந்துகள் அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் வழங்கப்பட வேண்டும். சரிபார்த்துக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது, அவர் தொலைபேசியையும் எடுக்கக்கூடாது. வாட்ஸாப்பில் சீட்டின் படத்தை அனுப்பி மருந்து கேட்பவர்களின் கோரிக்கைகளையும் இந்த நேரத்தில் இடையிடையே பார்க்காமல், "9 மணிக்குப் பிறகு தயாராகும்" என்று ஒரே விடையாக அனுப்பிவிடலாம்.

கணக்கு முடிக்கும் வேளை

கல்லாவை எண்ணி முடித்ததும் ஒரு சிறு நோட்டில் அன்று நேர்ந்த பிழைகளையும், நேரவிருந்து கடைசி நொடியில் பிடிபட்டவற்றையும் ஓரிரு வரியில் எழுத வேண்டும். பிடிபட்ட பிழைகள் யாருக்கும் தீங்கு செய்யாதவை என்பதால் எளிதில் மறக்கப்படுகின்றன. ஆனால் நாளைய உண்மையான பிழை எங்கிருந்து வரும் என்பதை முன்னதாகக் காட்டுபவை அவையே. நோட்டில் ஊழியரின் பெயர் எழுதப்படக்கூடாது. பெயர் எழுதப்பட்டால் முதல் வாரத்தோடு நோட்டு வெறுமையாகிவிடும். வாரம் ஒருமுறை, ஷட்டர் பாதி இறங்கிய பின் பத்து நிமிடம் அனைவரும் அமர்ந்து அதைப் படிக்கும்போது, உரிமையாளர் தம்முடைய பிழையை முதலில் படிப்பது மற்றவர்களின் வாயைத் திறக்கும். ஒரே வகைப் பிழை இருமுறை வந்திருந்தால் ஆளைத் தேடாமல் அலமாரியின் வரிசையை மாற்ற வேண்டும். தவறான மருந்து வாடிக்கையாளரிடம் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் இரவுக் கணக்கு வரை காத்திராமல், அந்த நொடியே அவரை அழைத்து, மருந்தை நிறுத்தச் சொல்லி, சரியான மருந்தோடு ஆளை அனுப்பி, மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். பில்லில் தொலைபேசி எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கத்தின் பயன் அப்போது தெரியும்.

காலாவதி நெருங்கும் மருந்துகளைத் தேடும் வேலையை நாள்தோறும் பிற்பகலில் ஒரே ஒரு தட்டுக்கு என வரையறுத்துக்கொண்டால், மாதத்தில் கடை முழுவதும் பார்க்கப்பட்டுவிடும். முதலில் காலாவதியாவதை முன்வரிசையிலும் பிந்தையதைப் பின்னாலும் வைப்பதும், மூன்று மாதத்துக்குள் முடிபவற்றைத் தனிப் பெட்டிக்கு மாற்றுவதும் அப்போதே முடிந்துவிடும்.

இவை அனைத்தையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கும் கடை அடுத்த திங்களுக்குள் எல்லாவற்றையும் விட்டிருக்கும். ஒரு பழக்கம் 11 வாரம் ஓடி, யாரும் நினைவூட்டாமலே நடக்கத் தொடங்கிய பிறகே அடுத்ததைச் சேர்ப்பது முறை. ஒன்றை மட்டுமே தொடங்க முடியும் என்னும் நிலையில் உள்ள கடைக்காரர், உறையில் வேளையைத் தமிழில் எழுதி வாங்குபவரைத் திருப்பிச் சொல்லவைப்பதை நாளைக் காலை முதல் சீட்டிலேயே தொடங்குவாராக. அதற்குத் தேவையானது ஒரு பேனாவும் அரை நிமிடமும் மட்டுமே.